எஃப்.ஜே.40 லேண்ட் குரூசரில் செவ்ரோலே 350: வீட்டுக் கராஜில் வி8 இன்ஜின் மாற்றம்

இந்த வேலையில் இன்ஜினைத் தூக்கி உள்ளே வைப்பது சிரமமே இல்லை. இரண்டு டன் கிரேனும் துணைக்கு ஒரு ஆளும் இருந்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். அந்த இன்ஜின் எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வதுதான் உண்மையான வேலை. ரேடியேட்டர், சைலன்சர் குழாய், ஸ்டீயரிங், கிளட்ச், புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று பின்னால் வரும் ஒவ்வொரு தலைவலியும் அந்த முடிவிலிருந்துதான் பிறக்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவில் விற்ற 1977 மாடல் எஃப்.ஜே.40. உள்ளே டொயோட்டாவின் 2எஃப் இன்ஜின்: வரிசையாக ஆறு சிலிண்டர், 4230 சி.சி., சுமார் 135 குதிரைத்திறன், 285 நியூட்டன் மீட்டர் டார்க். அழியாத இன்ஜின் அது. ஆனால் 33 அங்குல டயர் போட்டு நெடுஞ்சாலையில் ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும். அதற்குப் பதிலாக வருவது செவ்ரோலே பிக்கப் டிரக்குகளில் 1987 முதல் 1995 வரை வந்த 5.7 லிட்டர் வி8. 350 கன அங்குலம், எல்05 என்ற குறியீடு, த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன். கார்புரேட்டர் இருக்கும் இடத்திலேயே பெட்ரோலைத் தெளிக்கும் வகை அது. 210 குதிரைத்திறன், 2800 ஆர்.பி.எம்.மில் 407 நியூட்டன் மீட்டர். பழைய கார்புரேட்டர் 350 இதைவிட மலிவாகக் கிடைக்கும், வயரிங்கும் குறைவு. ஆனாலும் மலைப்பாதையில் வண்டி 30 டிகிரி சாயும்போது கார்புரேட்டரின் மிதவை தடுமாறி இன்ஜின் அணையும், த்ராட்டில் பாடி அணையாது. கரடுமுரடான பாதையில் ஓட்டும் வண்டி என்றால் இன்ஜெக்‌ஷன்தான் சரி.

வி8 முழுக்க வார்ப்பிரும்பு. எடை ஏறத்தாழ 260 கிலோ. 2எஃப் இதைவிட லேசானதல்ல, நீளமும் அதிகம். அதனால் முன் ஸ்பிரிங்கை மாற்றத் தேவையில்லை. இன்ஜினுக்கு முன்னால் தாராளமாக இடமும் கிடைக்கும்.

கழற்றும் முன் குறிக்க வேண்டியவை

ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றும் முன், வண்டியைச் சமதளத்தில் நான்கு டயரிலும் நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) பின் ஃப்ளாஞ்ச் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் வட்டத் தட்டு) நடுவிலிருந்து தரைக்குத் தூக்குக்குண்டு விட்டு, தரையில் ஆணியால் கீறிக் குறிக்க வேண்டும். முன் ஃப்ளாஞ்சுக்கும் அப்படியே. பிறகு சேஸிஸில் அசையாத ஒரு ரிவெட்டைத் தேர்ந்து, அதிலிருந்து இந்த ஃப்ளாஞ்சுகளின் தூரத்தை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். கோணமானியை ஃப்ளாஞ்ச் முகத்தில் வைத்துச் சாய்வையும் எழுதவும்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. எஃப்.ஜே.40இல் கியர் பாக்ஸைப் பின்புறம் தாங்கும் மவுண்டிங்குகள், இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங்கில்தான் இருக்கின்றன. அந்த பெல் ஹவுசிங்கைக் கழற்றிவிட்டு செவ்ரோலே பெல் ஹவுசிங் போட்டதும் கியர் பாக்ஸைத் தாங்க ஒன்றும் இல்லை. புதிதாக ஒரு குறுக்குச் சட்டம் செய்தாக வேண்டும். குறித்த அளவு கையில் இருந்தால் கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் பழைய இடத்துக்கே திரும்பி வரும். இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டுகளையும் வெட்டாமல் அப்படியே மாட்டலாம். அளவு இல்லையென்றால் ஷாஃப்ட் வெட்டி ஒட்டும் செலவும், பிறகு அதிர்வைத் தேடி அலையும் வேலையும் வரும்.

முன் கிரில், ரேடியேட்டர், அதைத் தாங்கும் முன் தகடு எல்லாம் போல்ட்டில் நிற்பவை. முழுதாகக் கழற்றி வைத்துவிட்டால் இன்ஜினை முன்பக்கமாக நேராக இழுக்கலாம். உள்ளே தரையில் கியர் பாக்ஸ் மேல்மூடியும் கழன்று வரும். கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து இறங்கும்போது எடை ஒரு பக்கமாகச் சாயும். டிரான்ஸ்மிஷன் ஜாக்கியில் சங்கிலி கட்டியே இறக்கவும்.

வாங்கும் இன்ஜினைச் சோதித்தல்

பழைய வாகனக் கிடங்கில் வாங்கும்போது இன்ஜினை மட்டும் வாங்கக் கூடாது. அதன் கம்ப்யூட்டர், வயரிங் முழுதும், டிஸ்ட்ரிப்யூட்டர், தனிக் காயில், சென்சார்கள், முன்பக்கப் புல்லி, பிராக்கெட் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். தனித்தனியாகச் சேர்த்தால் விலை இரட்டிப்பாகும், வகையும் கலந்துவிடும்.

கம்ப்ரஷன் எட்டு சிலிண்டரிலும் பார்க்கவும். எதுவும் 100 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போகக் கூடாது. மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 150க்கு மேல் எட்டும் நெருக்கமாக வந்தால் நல்ல இன்ஜின். சூடான நிலையில் ஆயில் அழுத்தம் 1000 ஆர்.பி.எம்.மில் 6, 2000இல் 18, 4000இல் 24 பி.எஸ்.ஐ. என்பது தயாரிப்பாளரின் குறைந்தபட்ச வரம்பு. ஓடவைத்துக் காட்டாத இன்ஜின் என்றால் விலையைப் பாதியாகப் பேசவும்.

ஸ்டாண்டில் வெளியே இருக்கும்போதே பின் மெயின் சீல், சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) கேஸ்கெட், டைமிங் செயின், வாட்டர் பம்ப், பிளாக்கின் பக்கவாட்டு பிளக்குகள் ஆகியவற்றை மாற்றிவிடவும். பின்பக்க பிளக் ஒன்று உள்ளே போனபிறகு கசிந்தால் கியர் பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். டிரக்கின் சம்ப் பின்பக்கம் ஆழமானது, எஃப்.ஜே.40இன் முன் ஆக்ஸிலுக்கு அது பொருந்தும். முன்பக்கம் ஆழமான சம்ப் உள்ள இன்ஜின் என்றால் சம்ப்பையும் அதன் ஆயில் உறிஞ்சியையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஃப்ளைவீல், பெல் ஹவுசிங், அடாப்டர்

செவ்ரோலே 350இல் கிராங்க் இரண்டு தலைமுறை. 1985 வரை பின் மெயின் சீல் இரண்டு துண்டு. ஃப்ளைவீல் போல்ட் வட்டத்தின் விட்டம் 3.58 அங்குலம். 1986 முதல் சீல் ஒரே துண்டு; வட்டம் 3.00 அங்குலம், ஃப்ளைவீலிலும் சமநிலைக்கான எடை ஒரு பக்கம் சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். எல்05 இரண்டாவது வகை. பழைய ஃப்ளைவீல் இதில் போல்ட் ஆகவே ஆகாது. அதனால் ‘350க்கு ஃப்ளைவீல்’ என்று மட்டும் சொல்லி ஆர்டர் செய்யாமல், ஆண்டையும் சீல் வகையையும் சொல்லி வாங்கவும்.

பல் எண்ணிக்கையிலும் இரண்டு வகை: 153 பல், 168 பல். 168 பல் ஃப்ளைவீல் பெரியது, 11 அங்குல கிளட்ச் தாங்கும். இந்த வண்டிக்கு அதுதான் பொருத்தம். அதற்கான செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டும் ஒன்றுக்கொன்று முன்பின்னாகத் தள்ளி இருக்கும். நேர்கோட்டில் இரண்டு போல்ட் உள்ள மோட்டார் 153 பல்லுக்கானது.

கிளட்ச் பிளேட்டின் நடுவிலுள்ள ஸ்ப்ளைன் டொயோட்டா ஷாஃப்டுக்கும், வெளி விட்டம் செவ்ரோலே பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்த வேண்டும். செவ்ரோலே பெல் ஹவுசிங்கில் டொயோட்டா கியர் பாக்ஸை மாட்ட உதவும் அடாப்டர் கிட் விற்பவர்களே இதைச் சேர்த்துக் கொடுப்பார்கள். கிராங்க் முனையில் உட்காரும் பைலட் புஷ்ஷும் அப்படித்தான்: வெளி விட்டம் செவ்ரோலே கிராங்குக்கு, உள் விட்டம் டொயோட்டா ஷாஃப்ட் முனைக்கு. புஷ்ஷை வாங்கியதும் காந்தம் வைத்துப் பார்க்கவும். ஒட்டினால் அதில் இரும்புத் தூள் கலந்திருக்கிறது. ஷாஃப்ட் முனையைத் தின்றுவிடும். ஒட்டாத வெண்கலப் புஷ்ஷை ஓர் இரவு ஆயிலில் ஊறவைத்து, சரியான விட்டமுள்ள தண்டால் அடித்து இறக்கவும். சுத்தியலால் நேரடியாக அடித்தால் வாய் பிதுங்கிவிடும்.

இனி வருவதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். தவிர்த்ததால்தான் ‘வி8 போட்டால் டொயோட்டா கியர் பாக்ஸ் தாங்காது’ என்ற பேச்சே கிளம்பியது. கிராங்கின் மையமும் கியர் பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பெல் ஹவுசிங்கையும் அடாப்டர் தட்டையும் சேர்த்து இன்ஜினில் முழு இறுக்கமாகப் போல்ட் செய்து (30 முதல் 35 பவுண்டு-அடி), கேஜின் காந்த அடியை ஃப்ளைவீல் முகத்தில் நிறுத்தி, ஊசியை கியர் பாக்ஸ் வந்து உட்காரும் வட்டத் துளையின் உள் விளிம்பில் தொடவைக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றி, 12 மணி, 3 மணி, 6 மணி, 9 மணி நிலைகளில் முள் காட்டுவதை எழுதவும். ஒரு சுற்றில் முள்ளின் மொத்த ஆட்டம் 0.005 அங்குலத்துக்குள், அதாவது 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

அதற்கு மேல் போனால், பிளாக்கின் பின்பக்கம் பெல் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் இரண்டு டவல் முளைகளைப் பிடுங்கி, மையம் தள்ளிய முளைகளைப் போட வேண்டும். 0.007, 0.014, 0.021 அங்குலம் என மூன்று அளவில் கிடைக்கும். கணக்கு எளிது: மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான விலகல். முள் 0.016 ஆடினால் விலகல் 0.008, 0.007 முளை போட்டு, விலகிய திசைக்கு எதிராகத் திருப்பினால் விலகல் 0.001 ஆகும், முள் 0.002தான் ஆடும். இரண்டு முளையும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்று மாறினால் ஹவுசிங் உட்காராது. பிறகு ஊசியைத் துளையிலிருந்து எடுத்துத் தட்டின் முகத்தில் வைத்து, முகமும் நேர்தானா என்று பார்க்கவும். பெயின்ட் படலமும் வார்ப்புப் பிசிறும் இங்கே பொய்க் கணக்குக் காட்டும்; முகங்களை முன்பே அரம் போட்டுத் துடைத்து வைக்கவும்.

இந்த அளவைப் பார்க்காமல் மூடிய வண்டியில் நோய் மெதுவாக வெளிப்படும். கிளட்சை மிதித்தும் முதல் கியர் உறுமிக்கொண்டு விழும். பைலட் புஷ் முட்டை வடிவமாகும். முன் பேரிங் ஊளையிடும். சுமையில் கியர் தானாகக் கழலும். எல்லாரும் கியர் பாக்ஸைத் திட்டுவார்கள். கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது.

ஃப்ளைவீல் போல்ட் 65 முதல் 75 பவுண்டு-அடி, குறுக்கு வரிசையில். கிளட்ச் மாட்டிய பின் ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்து, பிளேட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையே சுமார் ஒரு மி.மீ. விடுபடுகிறதா என்று பார்க்கவும். விடுபடவில்லையென்றால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் தண்டின் நீளத்தில்தான் பிரச்சினை. கியர் பாக்ஸை முழுதாக ஏற்றி மூடும் முன் இதைத் தீர்த்துவிட வேண்டும்.

இன்ஜினை உட்காரவைத்தல்

கியர் பாக்ஸ் பழைய குறிக்கு வந்து, ஜாக்கியில் நிற்கும் நிலையில், இன்ஜினைக் கிரேனில் தொங்கவிட்டு இரண்டையும் கோர்க்கவும். போல்ட் போட்டு இழுத்துச் சேர்க்கக் கூடாது. கையால் ஆட்டி, தானாக முகம் முகத்தோடு ஒட்ட வேண்டும். அரை அங்குலம் இடைவெளி நிற்கும்போது போல்ட்டால் இழுத்தால் கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைன் வளையும் அல்லது அடாப்டர் தட்டின் காது உடையும்.

கோர்த்த பின் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. பின்னால் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்கும் ஃபயர்வாலுக்கும் 25 மி.மீ. வேண்டும், ரப்பர் மவுண்டிங்கில் இன்ஜின் முறுக்கி அசையும், மூடியைக் கழற்றவும் கை போக வேண்டும். கீழே சம்ப்புக்கும் முன் ஆக்ஸிலுக்கும், ஸ்பிரிங் முழுதாக அமுங்கி ரப்பர் தடுப்பில் முட்டிய நிலையிலும், 25 மி.மீ. குறையக் கூடாது. இதை ஊகிக்காமல் ஸ்பிரிங் போல்ட்டைத் தளர்த்தி ஆக்ஸிலை ஜாக்கியால் மேலே தூக்கியே அளக்கவும். இடப்பக்கம், ஓட்டுநர் பக்கம், ஸ்டீயரிங் தண்டு இன்ஜினை ஒட்டி ஓடுகிறது. அங்கே டிரக்கின் மேனிஃபோல்ட் இடிக்கும். ‘ராம்ஸ் ஹார்ன்’ என்று பெயர்பெற்ற பழைய செவ்ரோலே வார்ப்பு மேனிஃபோல்ட் நடுவில் கீழ்நோக்கி இறங்குவதால் தண்டுக்கு வழிவிடும். ஆனால் அதில் ஆக்சிஜன் சென்சாருக்குத் துளை இருக்காது. கீழ்க்குழாயில் சேரும் இடத்துக்கு அருகே ஒரு நட் வெல்டிங் செய்து கொடுக்க வேண்டும். வலப்பக்கம் செல்ஃப் மோட்டாரும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே பக்கம்; எஃப்.ஜே.40இல் முன் டிஃபரன்ஷியல் வலப்பக்கம் தள்ளி இருப்பதால் சைலன்சர் குழாய்க்கு அங்கே இடமே இல்லை. வலக் குழாயை இன்ஜினுக்கு அடியில், பெல் ஹவுசிங்குக்கு முன்னால், இடப்பக்கம் கொண்டுவந்து இரண்டையும் ஒன்றாக்கிப் பின்னால் அனுப்புவதே நல்லது. செல்ஃப் மோட்டாரை ஒட்டிக் குழாய் போனால் வெப்பத் தகடு கட்டாயம். இல்லையேல் சூட்டில் மோட்டார் சுற்றாது.

சாய்வைப் பொறுத்தவரை, கிராங்க் பின்பக்கம் 3 முதல் 4 டிகிரி இறங்கியிருப்பது இயல்பு. அதற்கேற்பவே த்ராட்டில் பாடி உட்காரும் முகம் கடையப்பட்டிருக்கிறது. அந்த முகத்தில் ரசமட்டம் வைத்தால் சமமாகக் காட்ட வேண்டும். கியர் பாக்ஸ் பழைய கோணத்தில் இருந்தால் இது தானாகவே கிட்டத்தட்டச் சரியாக வரும்.

இப்போதுதான் மவுண்டிங். பிளாக்கின் இரு பக்கமும் மூன்று போல்ட் துளை கொண்ட மேடை இருக்கிறது. அதில் செவ்ரோலே ரப்பர் மவுண்ட். அங்கிருந்து சேஸிஸ் வரை 5 அல்லது 6 மி.மீ. தகட்டில் பெட்டி வடிவ பிராக்கெட். இன்ஜினின் முழு எடையும் ரப்பரில் இறங்கிய நிலையில், வண்டி டயரில் நிற்கும்போதே புள்ளி வெல்டிங் மட்டும் வைக்கவும். ரேடியேட்டர், மேனிஃபோல்ட், ஸ்டீயரிங், ஷாஃப்ட் எல்லாம் ஒருமுறை மாட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு இன்ஜினை வெளியே எடுத்து முழு வெல்டிங். சேஸிஸ் தகடு மெல்லியது, 45 வயதைத் தாண்டியது. பிராக்கெட்டை நேரடியாக அதில் ஒட்டினால் வெல்டிங் ஓரமாக விரிசல் விடும். முதலில் வைர வடிவில் ஒரு ஒட்டுத் தகடு, அதன் மேல் பிராக்கெட். சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்காக வெல்டிங் கோடு விழக் கூடாது. பேட்டரியையும் கம்ப்யூட்டரையும் கழற்றி வைத்த பிறகே வெல்டிங் சுவிட்சைத் தொடவும்.

குளிர்விப்பு

வி8 மாற்றிய பழைய வண்டிகள் சூடாவது பற்றிய புகாரில் பெரும்பகுதிக்கு ஒரே காரணம்: வாட்டர் பம்ப் சுற்றும் திசை. வி பெல்ட் ஓடும் பழைய 350இல் பம்ப் கிராங்க் திசையிலேயே சுற்றும். அகலமான பாம்பு பெல்ட் உள்ள டிரக் இன்ஜினில் பெல்ட்டின் முதுகு பம்ப்பை ஓட்டுவதால் எதிர்த்திசையில் சுற்றும். வெளியே இரண்டும் ஒரே மாதிரி. உள்ளே இறக்கைகள் எதிரெதிர். பாம்பு பெல்ட் இன்ஜினில் புல்லிகளை வி பெல்ட்டுக்கு மாற்றினால் பம்ப்பையும் விசிறியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தண்ணீர் ஏதோ கொஞ்சம் சுற்றும், ஐடிலிங்கில் சமாளிக்கும், ஏற்றத்தில் முள் சிவப்புக்குப் போகும்.

ரேடியேட்டர் நான்கு வரிசை செம்பு-பித்தளை அல்லது அகலக் குழாய் இரண்டு வரிசை அலுமினியம் போதும். செவ்ரோலேயின் கீழ்க்குழாய் வாய் வலப்பக்கம் இருக்கிறது; ரேடியேட்டர் செய்யக் கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிடவும். விசிறிக்குக் கூண்டு இல்லாமல் ஓட்டவே கூடாது. இறக்கையின் பாதி கூண்டுக்குள், பாதி வெளியே. நுனிக்கும் கூண்டுக்கும் ஒரு அங்குலம். வி8 குட்டை என்பதால் விசிறி ரேடியேட்டரிலிருந்து வெகுதூரம் நிற்கும். இடைக்கட்டை வைத்து முன்னே கொண்டுவரலாம், ஆனால் இரண்டு அங்குலத்துக்கு மேல் கட்டை போட்டால் பம்ப் பேரிங் சீக்கிரம் போகும். அதற்குமேல் தேவைப்பட்டால் ரேடியேட்டரைப் பின்னே தள்ளுவதுதான் முறை.

தெர்மோஸ்டாட் 195 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 91 டிகிரி செல்சியஸ். சூடாகிறதே என்று அதைக் குறைப்பதோ கழற்றி எறிவதோ தவறு. தண்ணீர் சூடேறாவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜினை எப்போதும் குளிர்ந்ததாகவே நினைத்து பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

எரிபொருளும் வயரிங்கும்

த்ராட்டில் பாடிக்கு வேண்டிய அழுத்தம் 9 முதல் 13 பி.எஸ்.ஐ. மட்டுமே. பின்னால் வந்த போர்ட் இன்ஜெக்‌ஷன் பம்ப் இதைவிடப் பல மடங்கு தள்ளும். அதை வாங்கக் கூடாது. டேங்குக்குத் திரும்பும் குழாய் கட்டாயம். வெளியே பொருத்தும் பம்ப் உறிஞ்சுவதைவிடத் தள்ளுவதில்தான் கெட்டி. அதனால் டேங்கின் அடிமட்டத்துக்கு இணையாக, முடிந்தவரை அருகில் வைக்கவும். 1977இல் டேங்க் முன் இருக்கைக்கு அடியில், ஆட்கள் உட்காரும் அறைக்குள்ளேயே இருக்கிறது. ரப்பர் குழாய் அத்தனையும் இன்ஜெக்‌ஷனுக்கான தரத்தில் இருக்க வேண்டும். கார்புரேட்டர் குழாயும் பழைய திருகு கிளிப்பும் அந்த இடத்தில் உயிருக்கு ஆபத்து. மோதினால் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றும் சேர்க்கவும்.

கம்ப்யூட்டர் 1227747 என்ற எண் கொண்டது எளிதில் கிடைக்கும். மேனுவல் கியருக்கு ஒத்துப்போகும். அதற்கு வேக சென்சார் வேண்டும், மைலுக்கு 2000 துடிப்பு. பலர் இதை விட்டுவிடுவார்கள். இன்ஜின் ஓடும்தான். ஆனால் வேகம் குறைந்து சிக்னலில் நிற்க வரும்போது, வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் ஐடிலிங்கைத் தவறவிட்டு இன்ஜின் அணையும். பிழைக் குறியீடு 24 பதிவாகும். டொயோட்டா ஸ்பீடோமீட்டர் கேபிள் ஜப்பானியத் தரப்படி கிலோமீட்டருக்கு 637 சுற்று, மைலுக்கு ஏறத்தாழ 1025. கேபிளின் நடுவில், ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு தரும் சென்சாரைச் செருகினால் 2050 வரும். அதுவே போதும்.

டொயோட்டா டாஷ்போர்டின் ஆயில் அழுத்த முள்ளும் வெப்ப முள்ளும் டொயோட்டா சென்சாரோடுதான் சரியாகப் பேசும். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்கான சென்சாரைத் தனியாக அதன் இடத்தில் விடவும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. டொயோட்டா சென்சாரின் 1/8 அங்குலக் குழாய் மரை அங்குலத்துக்கு 28; செவ்ரோலே பிளாக்கில் 27. இரண்டு சுற்று இதமாகப் போகும், பிறகு கடிக்கும். இறுக்கினால் மரை போகும், இறுக்காவிட்டால் ஆயில் கசியும். பத்து டாலர் அடாப்டர் வாங்கிப் போடவும்.

எர்த் வயர்களைப் பிளாக்கில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் கட்டவும். பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கும் பாடிக்கும் தனித்தனி தடித்த பட்டைகள். விளங்காத கம்ப்யூட்டர் கோளாறுகளில் பாதி எர்த் கோளாறுதான்.

முதல் ஸ்டார்ட்

டிஸ்ட்ரிப்யூட்டரை மாட்டும் முன், அதன் துளை வழியாக ஆயில் பம்ப் தண்டை டிரில் மெஷினால் வலச்சுற்றாகச் சுற்றவும். இதற்கென உள்ள கருவி வேண்டும். வெறும் ஸ்க்ரூ டிரைவர் கம்பி போட்டால் அந்தத் துளை வழியாகவே ஆயில் வழிந்து, மேலே அழுத்தம் ஏறாது. 16 புஷ் ராட் வழியாகவும் ஆயில் வரும் வரை கிராங்கை இடையிடையே திருப்பிச் சுற்றவும். மொத்த ஆயில் ஃபில்டரோடு 5 குவார்ட், ஏறத்தாழ 4.7 லிட்டர்.

வெடி வரிசை 1-8-4-3-6-5-7-2, ரோட்டார் வலச்சுற்று. ஒற்றைப்படை சிலிண்டர்கள் இடப்பக்கம். 5, 7 இரண்டும் அடுத்தடுத்து வெடிப்பவை, பக்கத்துப் பக்கத்திலும் இருப்பவை. அந்த இரண்டு பிளக் வயரையும் ஒட்டி ஓடவிட்டால் ஒன்றின் பொறி மற்றதில் தாவி, சுமையில் மட்டும் மிஸ்ஃபயர் வரும்.

சாவியைப் போட்டதும் பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்க வேண்டும். சோதனைச் சாக்கெட்டில் ஏ, பி முனைகளை இணைத்தால் எச்சரிக்கை விளக்கு குறியீடு 12 காட்டும். இன்ஜின் ஓடாதபோது அது நல்ல செய்தி, கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். டைமிங் வைக்க, டிஸ்ட்ரிப்யூட்டர் அருகே தனியாக இருக்கும் பழுப்பு-கறுப்பு வயர் இணைப்பைக் கழற்றிவிட்டு 0 டிகிரியில் நிறுத்தி, மறுபடி செருகவும். கழற்றாமல் வைத்தால் கம்ப்யூட்டர் தன் பங்குக்கு டைமிங்கை நகர்த்திக்கொண்டே இருக்கும், குறி நிலைக்காது.

செல்ஃப் மோட்டார் சுற்றும்போதே கீச்சென்று கத்தினால் பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி அதிகம். ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) இருந்தால் எடுக்கவும். இன்ஜின் பிடித்து சாவியை விடும்போது ஊளையிட்டால் இடைவெளி குறைவு, 0.015 அங்குல ஷிம் ஒன்று சேர்க்கவும். விட்டுவைத்தால் ஃப்ளைவீல் பல் தேயும்.

சட்டமும் ஓட்டமும்

கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரை புகைச் சோதனை இல்லை. 1976 முதல் உண்டு. 1977 வண்டியில் மாற்றும் இன்ஜின் அதே ஆண்டு அல்லது புதியதாக இருக்க வேண்டும், வண்டியின் வகைக்கு ஏற்ற சான்றுள்ளதாக இருக்க வேண்டும், அந்த இன்ஜினோடு தொழிற்சாலையில் வந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஈ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு), கரிக் குடுவை (பெட்ரோல் ஆவியைப் பிடிப்பது) எல்லாம் வேலை செய்யும் நிலையில் அதில் இருக்க வேண்டும். மாற்றம் செய்த வண்டிகளைச் சோதிக்கும் மாநில ரெஃப்ரீ நிலையத்தில் பார்த்து ஒட்டும் சீட்டுக்குப் பிறகுதான் சாதாரணச் சோதனைக்குப் போக முடியும். எல்05ஐ அதன் முழு உறுப்புகளோடு வாங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். ஈ.ஜி.ஆர்.ஐ அடைத்து வைத்துவிட்டுப் பிறகு தேடுவது வீண் செலவு.

ஓட்டும்போது நினைவில் வைக்க ஒரு கணக்கு. நான்கு கியர் பாக்ஸின் முதல் கியர் 3.55, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 1.96, டிஃபரன்ஷியல் 4.11, பெருக்கினால் 28.6. பழைய இன்ஜினில் ஆக்ஸில்களுக்குப் போனது 8,150 நியூட்டன் மீட்டர்; இப்போது 11,600க்கு மேல். முன் சக்கரத்தை முழுதாகத் திருப்பிய நிலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதலில் உடைவது, திரும்பும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் முன் ஆக்ஸிலின் பர்ஃபீல்ட் ஜாயிண்ட். திருப்பத்தில் மிதமாக மிதித்தால் அது வருடக்கணக்கில் நிற்கும். பிரேக் 1976 முதல் முன்பக்கம் டிஸ்க். அதற்கு முந்தைய டிரம் பிரேக் வண்டி என்றால் இன்ஜினுக்கு முன் பிரேக்கை மாற்றவும்.

33 அங்குல டயரும் 4.11 டிஃபரன்ஷியலும் சேர்ந்தால் மணிக்கு 60 மைலில் இன்ஜின் சுமார் 2500 ஆர்.பி.எம். ஓடும். எல்05இன் டார்க் உச்சம் 2800. ஆக, ஐந்தாவது கியர் இல்லையே என்ற குறை இங்கே பெரிதல்ல. கியர் பாக்ஸை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

முதல் 100 மைலில் மவுண்டிங் போல்ட், மேனிஃபோல்ட் போல்ட், பெல் ஹவுசிங் போல்ட் அத்தனையையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பார்க்கவும். 500 மைலில் வெல்டிங் ஓரங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும். ரேடியேட்டர் குழாய் கிளிப்புகளையும் அப்போதே ஒரு சுற்று இறுக்கிவிடலாம்.